அம்மா அனுப்பிய பெட்டியை யார் பிரிச்சது?

இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

ஓபி-யில் வயசான அப்பா அம்மாக்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி இருக்கு. "டாக்டர், பையன் துபாய்ல இருக்கான். ஆறு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுங்க, பார்சல்ல போட்டு விட்டுடறோம்." துபாய்க்குப் பதில் டோக்கியோ, டல்லாஸ், மெல்போர்ன்னு ஊர்தான் மாறும். மாத்திரையோட ஊறுகாய், சாம்பார்ப் பொடி, கசகசா, நாட்டு மருந்துக்கடை லேகியம், பேத்திக்குப் பட்டுப் பாவாடை எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் போகும்.

அந்தப் பக்கம் பெட்டிக்காகக் காத்திருக்கிறவங்களுக்கு அடுத்து நடக்கிறது நல்லாத் தெரியும். டிராக்கிங்ல "கஸ்டம்ஸில் உள்ளது"ன்னு ஒரு வரி வரும். அப்புறம் நாள்கணக்கா அசைவே இருக்காது. கடைசியில் பெட்டி வரும், ஓரத்தைக் கிழிச்சு மறுபடி டேப் ஒட்டி, பாதி சாமான் இல்லாம. இல்லைன்னா பெட்டிக்குப் பதில் ஒரு கடிதம் வரும். அபூர்வமா போலீஸ் வரும். மிகைப்படுத்தலைங்க, அந்தக் கதையும் கீழே இருக்கு.

"வீட்டுச் சாமானைப் போய் ஏன் பிரிக்கிறாங்க, வரி வாங்கத்தானே?"ன்னு கேட்பீங்க. வரியும் ஒரு காரணம். ஆனா கடல் தாண்டி வந்த பொருளைச் சந்தேகத்தோட பிரிச்சுப் பார்த்த பழைய கைகளில் எங்க ஆட்களின் கையும் உண்டு. மருத்துவர்கள், சுகாதார அதிகாரிகள். இன்னிக்கு கஸ்டம்ஸ் கேட்கிற பல கேள்விகளுக்குப் பின்னாடி யாரோ செத்திருக்காங்க. அந்தச் சாவுகளின் கதைதான் இந்த த்ரெட்.

முதல்ல ஒரு துணிப் பெட்டி.

1665. லண்டனில் பிளேக் தாண்டவம். அங்கிருந்து ரொம்ப தூரத்தில், டெர்பிஷயர் மலைப் பகுதியில் ஈம் என்றொரு சின்னக் கிராமம். அந்த ஊர்த் தையல்காரருக்கு லண்டனிலிருந்து துணி வந்தது. வழியில் ஈரமாகியிருந்ததால் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாளர் அதைப் பிரித்து நெருப்பு முன்னால் காயப் போட்டார். சில நாளில் இறந்துபோனார். அடுத்த 14 மாதங்களில் அந்த ஊரில் சுமார் 260 பேர் இறந்தார்கள்.

பாதிரியார் வில்லியம் மாம்பெசனின் பேச்சைக் கேட்டு, நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்று கிராமமே தன்னைப் பூட்டிக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் எல்லைக் கல்லருகே உணவை வைத்துவிட்டுப் போவார்கள். இவர்கள் அதற்கான காசை வினிகரில் போட்டு வைப்பார்கள். கொரோனா காலத்தில் பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவினோமே, ஞாபகம் இருக்கா? அதே பயம்தான்.

துணி மடிப்பில் இருந்த தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கொண்டுவந்தது என்பது பிற்காலத்தில் சொல்லப்பட்ட விளக்கம். 1665-இல் யாருக்கும் தெள்ளும் தெரியாது, கிருமியும் தெரியாது. ஆனால் "தூரத்துச் சாமான் நோயைக் கொண்டுவரும்" என்பது மட்டும் துறைமுகக்காரர்களுக்கு அதற்கு முன்பே தெரியும். இன்று டுப்ரோவ்னிக் என்று சொல்லப்படும் ரகூசா 1377-லேயே வெளியிலிருந்து வருபவர்களை 30 நாள் ஒதுக்கி வைத்தது. அது பிறகு 40 நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் குவாரன்டைன் வந்தது. வெனிஸ் 1423-இல் ஒரு தீவையே பிளேக் மருத்துவமனையாக ஒதுக்கியது.

அங்கே மனிதர்களோடு சாமானும் ஒதுக்கி வைக்கப்பட்டது. கம்பளி, பஞ்சு, பட்டு, தோல், இறகு, காகிதம் எல்லாம் நோயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சரக்கு. உலோகமும் மரமும் பிடிக்காத சரக்கு. முதல் வகை மூட்டைகளைப் பிரித்து, நாள்கணக்காகக் காற்றில் புரட்டிப் போடுவார்கள். காற்று கெட்டால் நோய் வரும் என்ற தப்பான கோட்பாட்டில் நின்றுகொண்டு செய்த வேலை அது. ஆனா பட்டியலைப் பாருங்க, தெள்ளு ஒளியக்கூடிய இடங்களில் பலது அதில் சரியா மாட்டியிருக்கு.

காகிதம் அந்தப் பட்டியலில் இருந்ததால் கடிதமும் தப்பவில்லை. இடுக்கியால் வாங்குவார்கள். உளியால் கீறுவார்கள், அல்லது முள் பதித்த பலகையால் ஓட்டை குத்துவார்கள், உள்ளே புகை போகணுமே. அப்புறம் வினிகரில் நனைப்பார்கள், கந்தகப் புகை காட்டுவார்கள். பழுப்புக் கறையும் கீறலுமாக இருக்கிற அந்தக் கடிதங்களை இன்றும் தபால்தலை சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். கார்ல் மேயர் என்ற புகழ்பெற்ற நுண்ணுயிரியலாளர் 1962-இல் கிருமிநீக்கப்பட்ட தபால்களைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். பிளேக், புருசெல்லோசிஸ் என்று பெரிய பெரிய நோய்களோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய மனுஷன். வினிகர்க் கறை படிஞ்ச கடிதங்களை உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணியிருக்கார் பாருங்க!

19-ஆம் நூற்றாண்டில் காலரா வந்தது, நீராவிக் கப்பல் வந்தது, சூயஸ் கால்வாய் திறந்தது. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு குவாரன்டைன் என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? 1851-இல் பாரிஸில் தொடங்கி நாடுகள் திரும்பத் திரும்ப மாநாடு கூட்டின. 1896-இல் பம்பாயில் பிளேக் வெடித்ததும் அடுத்த வருஷமே வெனிஸில் அவசரமாகக் கூடியதற்குக் காரணம், இந்தியாவிலிருந்து வரும் கப்பல்கள் மேல் ஐரோப்பாவுக்கு இருந்த கிலி. உடுத்திய துணி, படுக்கை, கந்தல், பதப்படுத்தாத தோல், விலங்கு ரோமம் எல்லாம் சந்தேகச் சரக்குப் பட்டியலில் ஏறின. இதற்குள் 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். 1898-இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் எலித் தெள்ளுதான் அதைக் கடத்துகிறது என்று காட்டினார். அப்போது அவரை நம்பியவர்கள் குறைவு.

1903-ஆம் ஆண்டு பாரிஸ் சர்வதேச சுகாதார ஒப்பந்தத்தில் ஒரு சின்ன விதி இருக்கு. எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. கடிதம், அச்சுத் தாள், புத்தகம், செய்தித்தாள் எதற்கும் இனிமேல் தடையும் இல்லை, கிருமிநீக்கமும் இல்லை என்கிறது அது. பக்கத்திலேயே ஒரு அடைப்புக்குறி: தபால் பார்சல் நீங்கலாக.

கடிதத்துக்கு விடுதலை, பார்சலுக்கு இல்லை. அஞ்சல்துறைப் பக்கமும் இதே பிரிவு இருந்தது. 1874-இல் பெர்ன் நகரில் 22 நாடுகள் சேர்ந்து இன்றைய உலக அஞ்சல் ஒன்றியத்துக்கு அடித்தளம் போட்டபோது பேசியது கடிதப் போக்குவரத்தைப் பற்றி. பார்சலுக்கு 1880-இல் பாரிஸில் தனி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. பிரிட்டன் அப்போது அதில் சேரவில்லை. உள்நாட்டிலேயே அவர்களிடம் பார்சல் தபால் கிடையாது, 1883-இல்தான் ஆரம்பித்தார்கள். கடிதம் என்பது ஒருத்தர் இன்னொருத்தரிடம் பேசுவது, அதன் ரகசியத்தைக் காக்கணும். பார்சல் என்பது சரக்கு. அம்மா அனுப்பினாலும் கம்பெனி அனுப்பினாலும் எல்லை தாண்டும்போது அது சரக்குதான். உங்க பெட்டி மேல ஒட்டுற பச்சை ஸ்டிக்கர், உள்ளே என்ன, எவ்வளவு எடை, என்ன விலை என்று கேட்கிற அந்தப் படிவம், எல்லாமே இந்த எண்ணத்தின் வாரிசுகள்.

அடுத்த கதை ஷேவிங் பிரஷ்.

முதல் உலகப்போர். விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டணும்னா தாடி இருக்கக்கூடாது. லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஷேவிங் பிரஷ் தேவைப்பட்டது. குதிரை ரோமம் சைபீரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும். போருக்கு முன்னால் அது ஜெர்மனி, பிரான்ஸ் வழியாகச் சுத்தம் செய்யப்பட்டு வந்தது. போர் அந்த வழியை அடைத்தது. சுத்தம் செய்யாத ரோமத்தில் செய்த மலிவு பிரஷ்கள் ஜப்பான் வழியாக வந்து குவிந்தன. அதோடு வந்தது ஆந்த்ராக்ஸ்.

நம்ம ஊரில் மாட்டு அடைப்பான் என்பார்களே, அதேதான். அதன் ஸ்போர் பல்லாண்டு காலம் காய்ந்து கிடந்தாலும் சாகாது. ஷேவ் பண்ணும்போது சின்னக் கீறல் விழும், அதன் வழியாக உள்ளே போகும். கழுத்திலும் கன்னத்திலும் கருப்புக் கொப்புளம். பெனிசிலின் இல்லாத காலம். பிரிட்டிஷ், அமெரிக்க சிப்பாய்களும் பொதுமக்களும் சேர்த்து 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 1920-இல் பிரிட்டன் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது. சவரம் பண்ற பிரஷ்ஷைப் பார்த்து ஒரு சாம்ராஜ்யமே கதவைச் சாத்தியிருக்கு.

அதே கிருமி 2001-இல் அமெரிக்காவில் தபால் உறைக்குள் வந்தது. இந்த முறை வேண்டுமென்றே. 22 பேருக்கு நோய், 5 பேர் மரணம். இறந்தவர்களில் இருவர் தபால் ஊழியர்கள். 1903-இல் கிடைத்த விடுதலை கடிதத்துக்குக் கொஞ்சம் பறிபோனது இங்கேதான். வாஷிங்டனில் அரசு அலுவலகங்களுக்குப் போகிற தபாலை எலெக்ட்ரான் கதிர் பாய்ச்சி அனுப்ப ஆரம்பித்தார்கள். காகிதம் மஞ்சளாகி மொறமொறத்தது. வினிகருக்குப் பதில் கதிர், அவ்வளவுதான் வித்தியாசம்.

2010-இல் ஏமனிலிருந்து சிகாகோ முகவரிகளுக்குக் கிளம்பிய இரண்டு பார்சல்களில் பிரிண்டர் டோனருக்குள் வெடிமருந்து இருந்தது. ஒன்று துபாயில் பிடிபட்டது, இன்னொன்று இங்கிலாந்தில். அதற்கப்புறம் பெட்டி விமானம் ஏறுவதற்கு முன்பே அதன் விவரம் கம்ப்யூட்டரில் போய்ச் சேரணும் என்ற நெருக்கடி வந்தது. அமெரிக்காவில் ஃபென்டனில் தபாலில் வந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொல்ல ஆரம்பித்தபோது, 2018-இல் அதைச் சட்டமாகவே போட்டார்கள். இன்னிக்கு தபால் ஆபீஸ் கவுன்டரில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா டைப் பண்றாங்களே, "வீட்டு உபயோகப் பொருட்கள்"னு ஒரே வரியில் எழுதினா ஒத்துக்க மாட்டேங்கிறாங்களே, அது இதனால்தான்.

இப்போ மாத்திரைக்கு வரேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான்.

1912-இல் ஹேக் நகரில் அபினுக்கு எதிரான முதல் சர்வதேச ஒப்பந்தம். 1925-இல் ஜெனிவாவில் அடுத்த படி: இப்படிப்பட்ட சரக்கு எல்லை தாண்டணும்னா, வாங்குகிற நாடு முதலில் அனுமதிச் சான்றிதழ் கொடுக்கணும். 1961-இல் போதைப்பொருட்களுக்கும் 1971-இல் மனநல மருந்து வகைகளுக்கும் பெரிய ஒப்பந்தங்கள். இதில் 1971 ஒப்பந்தம் ஒரு சலுகை தருகிறது. பயணி தன் சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவு மருந்தைக் கையில் கொண்டுபோக நாடுகள் அனுமதிக்கலாம். யாருக்கு? பயணிக்கு. மருந்துச்சீட்டோட வந்து நிற்கிற மனுஷனுக்கு. பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. பெட்டியைக் கேள்வி கேட்க முடியாதே. தபால் விதிகளிலும் போதைப்பொருள் தடைப் பட்டியலில்தான் இருக்கிறது.

விமானத்தில் கையில் கொண்டுபோனப்போ ஒண்ணும் சொல்லலையே, பார்சல்ல போட்டா ஏன் பிடிக்கிறாங்கன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

ஜப்பானைப் பாருங்க. நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1885-இல் ஒரு மூலிகையிலிருந்து எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். ஆஸ்துமாவுக்கு அருமையான மருந்து. 1893-இல் அதிலிருந்தே மெத்தாம்ஃபெடமினைத் தயாரித்தார். இரண்டாம் உலகப்போரின்போது அது ஃபிலோபான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தூக்கம் வராது, களைப்புத் தெரியாது. போர் முடிந்ததும் தேங்கிக் கிடந்த மருந்து சந்தைக்கு வந்து, பசியும் தோல்வியுமாக இருந்த நாட்டில் பெரும் போதைத் தொற்றாகப் பரவியது. 1951-இல் கடுமையான தடைச் சட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் கவனக்குறைவுக் கோளாறுக்காகக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற ஆம்ஃபெடமின் வகை மாத்திரை, மருந்துச்சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் போகாது. மூக்கடைப்புக்குச் சாப்பிடுகிற சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதுவும் தடை. நாகாய் கண்டுபிடித்த எபிட்ரினின் உடன்பிறப்புதான் அது. உங்க ஜலதோஷ மாத்திரையைப் பார்த்து அவங்க நடுங்கறது சும்மா இல்லை.

போலீஸ் வந்த கதை இதுதான். 2015 ஜூனில் டொயோட்டாவின் முதல் பெண் உயரதிகாரி, ஓர் அமெரிக்கர், டோக்கியோவில் கைது செய்யப்பட்டார். வேலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவிலிருந்து அவருக்கு வந்த பார்சலில் 57 ஆக்சிகோடோன் மாத்திரைகள். பெட்டி மேல் நெக்லஸ் என்று எழுதியிருந்ததாகச் செய்திகள் சொல்லின. அனுப்பியது அவருடைய அப்பா என்றும், முழங்கால் வலிக்காக என்றும். 20 நாள் காவலுக்குப் பிறகு வழக்குப் போடாமலே விட்டுவிட்டார்கள். அதற்குள் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். அவ்வளவு பெரிய கம்பெனி, வக்கீல்கள் கூட்டம் பக்கத்தில் இருந்தும் 20 நாள். ஜப்பானில் அப்படிப்பட்ட வலிமருந்தை முன் அனுமதி வாங்கி நோயாளியே கையில் கொண்டுபோகலாம். தபாலில் வரவழைக்க முடியாது. அப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்க நியாயமில்லை. நம்ம ஊர் அப்பாக்களுக்கும் தெரியாது.

வளைகுடாவுக்குப் பையனை அனுப்பியிருக்கிறவங்க இந்தப் பகுதியைக் கவனமா படிங்க.

கசகசா. குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசா. அபின் செடியின் விதை அது. விதைக்குள் போதை கிடையாது. ஆனால் காயிலிருந்து உதிரும்போது மேலே பால் பிசின் ஒட்டிக்கொண்டு வரும், அதில் மார்ஃபின் இருக்கும். கசகசா சாப்பிட்டவரின் சிறுநீர்ப் பரிசோதனை மார்ஃபினுக்கு பாசிட்டிவ் காட்டுவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். 1961 ஒப்பந்தம் விதையை விட்டுவைத்தது. அமீரகமும் சவுதியும் விட்டுவைக்கவில்லை. நம்ம நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் வாங்கி அபின் பயிரிடுகிறார்கள், அதன் விதை மளிகைக் கடைக்கு வருகிறது. இங்கே ஐம்பது கிராம் பாக்கெட், அங்கே போதைப்பொருள் வழக்கு.

மாத்திரைகளில் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம், குளோனசெபம் எல்லாம் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. நிறையப் பேருக்குத் தெரியாத இன்னொன்று பிரிகாபலின். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சலுக்காக மெக்கோபாலமினோடு சேர்த்து நாங்கள் தினமும் எழுதுகிற மருந்து. அட்டையில் பெரிய எழுத்தில் பிராண்ட் பெயர்தான் இருக்கும். அனுப்புகிற அம்மாவுக்கு அது "கால் மாத்திரை". எக்ஸ்ரேக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது கட்டுப்பாட்டு மருந்து.

போதை இல்லாத மருந்துன்னா பிரச்சினை இல்லையே என்கிறீங்களா? அதுக்கும் ஒரு சவ ஊர்வலம் இருக்கு.

1937-இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை இனிப்பு டானிக்காக விற்க ஒரு கம்பெனி அதை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தது. சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அடுத்த வருஷமே, விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்கணும் என்ற சட்டம் வந்தது. தாலிடோமைடு மாத்திரை ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் வளர்ச்சியில்லாமல் பிறக்க வைத்தபோது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஃபிரான்சஸ் கெல்சி என்ற மருத்துவர் ஆதாரம் போதாது என்று அனுமதியை இழுத்தடித்துக்கொண்டே இருந்தார். அந்த நாடு பெருமளவு தப்பியது. அப்படி வடிகட்டி உள்ளே விடுகிற நாடு, தான் பார்க்காத மருந்து பெட்டியில் வந்தால் என்ன செய்யும்? சட்டப்படி அமெரிக்காவில் வெளிநாட்டு மருந்தைத் தனியாள் வரவழைப்பது பொதுவாக அனுமதி இல்லாதது. சில சூழ்நிலைகளில் 90 நாளுக்கு மிகாத சொந்த உபயோக அளவை அதிகாரிகள் கண்டும் காணாமல் விடலாம். உரிமை இல்லை அது, தயவு.

"நம்ம ஊர் மருந்தைச் சந்தேகப்படறாங்களே"ன்னு எனக்கும் உள்ளூர ஒரு சுருக் உண்டு. ஆனா என்ன சொல்ல? 1937-இல் கொன்ற அதே டைஎத்திலீன் கிளைக்கால், 2022-இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட இந்திய இருமல் மருந்துகளில் இருந்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

லேகியம், பஸ்பம் அனுப்புகிறவர்கள் இதையும் படிங்க. பாஸ்டன் பகுதியில் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தது. ஐந்தில் ஒன்று. எல்லா நாட்டு மருந்தும் விஷம் என்று நான் சொல்லவில்லை. லேபிளில் என்ன இருக்கிறது என்பதை வைத்து கஸ்டம்ஸ் ஆளால் அந்தப் பதினாலையும் மீதி ஐம்பத்தாறையும் பிரிக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

சாப்பாட்டுச் சாமானைச் சுருக்கமா முடிச்சிடறேன்.

ஆஸ்திரேலியாவில் இருக்கிறவங்க பாவம். காப்ரா வண்டு என்று ஒன்று, நம்ம இந்தியப் பகுதிதான் அதன் சொந்த ஊர். அதன் புழு வருஷக்கணக்கில் சாப்பிடாமல் சுருண்டு கிடந்து உயிர் பிழைக்கும். 1953-இல் கலிஃபோர்னியாவில் தானியக் கிடங்குகளில் கண்டுபிடித்தார்கள், ஒழித்துக்கட்ட 1966 வரை ஆனது, சுமார் 1.1 கோடி டாலர் செலவு. 2020 முதல் ஆஸ்திரேலியா தபாலில் தடுக்க ஆரம்பித்த பட்டியலில் அரிசி, துவரை, மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் எல்லாம் உண்டு. நம்ம அஞ்சறைப் பெட்டியைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கும்.

பால்கோவா, நெய், மாமிச ஊறுகாய்க்குப் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் தடை. அங்கே 2001-இல் கோமாரி நோய் வந்து 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். சட்டவிரோதமாக வந்த இறைச்சி பன்றித் தீவனத்தில் கலந்ததுதான் பெரும்பாலும் காரணம் என்று அரசு முடிவுக்கு வந்தது. அந்த வைரஸ் வகை முதலில் 1990-இல் இனங்காணப்பட்டது வட இந்தியாவில். மாடுகளைச் சுட்டு, குவித்து எரித்த புகையைப் பார்த்த நாடு அது. நெய் டப்பாவை அவங்க பார்க்கிற பார்வை வேற.

இத்தனைக்கும் நடுவில் வரியும் இருக்குங்க, இல்லைன்னு சொல்லலை. 800 டாலர் வரை வரியில்லாமல் விட்ட அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29-இல் அதை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. நம்ம அஞ்சல்துறை உள்பட பல நாட்டு அஞ்சல்துறைகள் யார் வரி வசூலிப்பது என்று புரியாமல் அந்தச் சமயத்தில் அமெரிக்கப் பார்சல் எடுப்பதையே நிறுத்தி வைத்தன. இங்கே உயிர் பயமெல்லாம் ஒன்றுமில்லை, சுத்தமான காசுக் கணக்கு. தனியாள் அனுப்பும் 100 டாலர் வரையிலான பரிசுப் பொருளுக்கு மட்டும் விலக்கு தொடர்ந்தது.

சரி, பையனுக்கு மாத்திரை?

பிள்ளை ஊருக்கு வந்துட்டுப் போகும்போது கையில் கொடுத்து விடுங்க. மருந்தின் மூலப்பெயர், அளவு, என்ன நோய்க்கு என்று ஆங்கிலத்தில் டைப் செய்த கடிதம் உங்கள் டாக்டரிடம் கேளுங்க, தயங்காதீங்க. மாத்திரை அதன் அட்டையிலேயே இருக்கட்டும். இடம் அடைக்குதுன்னு பிரிச்சு டப்பாவில் கொட்டாதீங்க. போற நாட்டுத் தூதரகத் தளத்தில் அந்த மூலப்பெயரைப் போட்டுப் பாருங்க. அங்கே போனதும் முதல் மாசமே உள்ளூர் டாக்டரைப் பார்த்து அங்கே கிடைக்கும் மருந்துக்கு மாறிடணும். தைராய்டு, பிபி, சர்க்கரை மாத்திரை கிடைக்காத நாடு அநேகமாகக் கிடையாது. வலிப்பு மருந்து சாப்பிடறவங்க பார்சலை நம்பி இருக்கவே கூடாது. பெட்டி பத்து நாள் கஸ்டம்ஸில் தூங்கினால் வலிப்பு பத்து நாள் காத்திருக்காது.

இன்சுலினைத் தயவுசெய்து பார்சலில் போடாதீங்க. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். விமான வயிற்றில் உறைந்தாலும் போச்சு, ஜூலை மாச ஷார்ஜா கிடங்கில் வெந்தாலும் போச்சு. பார்க்க எந்த மாற்றமும் தெரியாமலேயே அதன் வேலைத்திறன் போயிருக்கும், அதுதான் ஆபத்து. போட்டுக்கொண்டே இருப்பார், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும்.

பெட்டி மேல் உள்ளதை உள்ளபடி எழுதுங்க. நெக்லஸ் கதை ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம் குருமா. கசகசாவுக்குப் பதில் முந்திரியை ஊறவெச்சு தேங்காயோட அரைச்சு ஊத்தச் சொல்லுங்க, நல்லாவே வரும். முந்திரியை இங்கிருந்து அனுப்ப வேண்டாம், துபாய் கடையிலேயே கிடைக்குது.